ஓரத்து இருக்கையிலிருந்து ஒரு மேடை: நாடக மேடை அமைப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் முழுமையான வழிகாட்டி

புதிய நாடகம் ஒன்றின் மேடை அமைப்பு என்னிடம் வந்தால், முதலில் அரங்குக்குப் போய் முதல் வரிசையின் ஓரத்து இருக்கையில் உட்காருவேன். பிறகு எதிர் ஓரத்தில். கடைசியாகப் பின்வரிசையின் மூலையில். அங்கிருந்து எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று எழுதிக்கொண்ட பிறகுதான் வரையத் தொடங்குவேன்.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. தொடக்க காலத்தில் நான் அமைத்த ஒரு மேடையில், தாய் சன்னலருகே நின்று கடிதம் படிக்கும் காட்சி இருந்தது. நாடகத்தின் உயிரே அந்தக் காட்சிதான். சன்னலை வலப்பக்கச் சுவரில் வைத்து, அதற்காக இரண்டு வாரம் உழைத்தேன். நிகழ்ச்சி நாளன்று அரங்கின் அதே பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் சன்னலையும் பார்க்கவில்லை, அந்தத் தாயின் முகத்தையும் பார்க்கவில்லை. நடிகையின் குரல் மட்டும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்களும் மற்றவர்களைப் போலவே நேரம் ஒதுக்கி வந்தவர்கள். மேடை அமைப்பில் அழகு, கற்பனை என்று பேசுவதெல்லாம் இந்தக் கணக்கைச் சரிசெய்த பிறகுதான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். மழை இரவு. ஒற்றை அறை வீடு. பல ஆண்டுகளுக்குப் பின் மகன் கதவைத் தட்டுகிறான். தாய் திறக்கிறாள். மேசை மேல் அவன் படிக்கக் கூடாத ஒரு கடிதம் கிடக்கிறது. இந்தச் சிறிய காட்சியை மேடையேற்றத் தேவையான எல்லாமே பெரிய நாடகங்களுக்கும் பொருந்தும்.

படி 1: பிரதியை மூன்று முறை படியுங்கள்

முதல் முறை எந்தக் குறிப்பும் எடுக்காமல், ஒரே அமர்வில், ஒரு பார்வையாளரைப் போலப் படியுங்கள். எந்த இடத்தில் மனம் பதைத்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தப் பதைப்பை இன்னொரு முறை முதல் தடவையாக உணர முடியாது.

இரண்டாம் முறை கையில் பென்சிலுடன். ஒவ்வொரு காட்சிக்கும் இடம், பொழுது, யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எப்படி வெளியேறுகிறார்கள், கையில் என்ன இருக்கிறது, என்ன ஓசை கேட்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் தேவைகளையும் விட்டுவிடாதீர்கள். “விளக்கை அணை” என்று ஒருவர் சொன்னால், மேடையில் அணைக்கக்கூடிய ஒரு விளக்கு இருந்தாக வேண்டும்.

மூன்றாம் முறை அசைவுக்காக. யார் யாரை நோக்கி நகர்கிறார்? இருவருக்கும் நடுவில் என்ன தடை நிற்கிறது? நம் காட்சியில் கதவும் மேசையும்தான் நாடகத்தை நடத்துகின்றன. கதவுக்கும் மேசைக்கும் நான்கு எட்டு தூரம் இருந்தால், மகன் அந்தக் கடிதத்தை நெருங்க நான்கு எட்டு நேரம் தாய் தவிக்க வேண்டும். ஒரே எட்டில் எட்டிவிட்டால் தவிப்புக்கு இடமே இல்லை. மேடை வடிவமைப்பாளர் உண்மையில் தீர்மானிப்பது இந்தத் தூரங்களைத்தான். சுவரின் நிறம் பிறகு வரும்.

இயக்குநரோடு உட்காருவது இந்த மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு. அதற்கு முன்னால் படம் வரைந்து எடுத்துப்போனால், பேச்சு அந்தப் படத்தைச் சுற்றியே நின்றுவிடும்.

படி 2: அரங்கை அளந்துகொள்ளுங்கள்

மேடைகள் பல வகை. பார்வையாளர்கள் ஒரே பக்கம் அமர்ந்து, ஒரு சட்டத்துக்குள் பார்ப்பது படச்சட்ட மேடை. மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டு, மூன்று பக்கமும் ஆட்கள் சூழ்ந்திருப்பது இன்னொரு வகை. நான்கு பக்கமும் சூழ்ந்திருந்தால் வட்டரங்கு. கறுப்புப் பெட்டி அரங்கில் இருக்கைகளை நாடகத்துக்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். வட்டரங்கில் உயரமான சுவர் எழுப்பவே முடியாது. தரையும் மேசை நாற்காலியும் தலைக்கு மேல் தொங்குபவையும்தான் அங்கே அமைப்பு. ஆகவே எந்த வகை என்பதை அறியாமல் ஒரு கோடும் போடாதீர்கள். கீழே நான் சொல்வது பெரும்பாலும் படச்சட்ட மேடையை வைத்து.

திசைகள் எப்போதும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடம், வலம்தான். புதியவர்கள் எல்லோரும் முதல் நாள் இதில் குழம்புவார்கள். பார்வையாளருக்கு அருகில் இருப்பது கீழ்மேடை, பின்சுவர்ப் பக்கம் மேல்மேடை. பழைய ஐரோப்பிய மேடைகள் பின்புறம் உயர்ந்து சரிவாக இருந்ததால் வந்த பெயர் இது. இன்று தளம் சமமாக இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அகலம், ஆழம், உயரம், பக்கத்திரைகளுக்குப் பின்னால் இருக்கும் இடம், தூண்கள், மின் இணைப்புகள், பொருள்கள் உள்ளே வரும் வாசலின் அகலம் எல்லாவற்றையும் குறியுங்கள். வாசலை அளக்க மறந்துவிட்டால், கட்டி முடித்த சுவரை அறுத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இனிப் பார்வைக்கோடுகள். அரங்கை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த தரைப்படத்தில் இடது ஓரத்துக் கடைசி இருக்கையிலிருந்து, மேடைச் சட்டத்தின் இடது விளிம்பைத் தொட்டபடி மேடைக்குள் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்கும் இடப்பக்கச் சுவருக்கும் நடுவில் இருப்பது எதுவும் அந்த இருக்கைக்குத் தெரியாது. வலது ஓரத்துக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எல்லோருக்கும் தெரியும் ஒரு பகுதி கிடைக்கும். நாடகத்தின் முக்கியத் தருணங்கள் நடக்க வேண்டியது அங்கேதான். அரங்கைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்திலும் இதே வேலை உண்டு. முதல் வரிசைக்காரரின் கண் மேலே போய் தொங்கும் விளக்குகளைப் பார்த்துவிடும். அவற்றை மறைக்க மேல்திரை வேண்டும். மாடியின் கடைசி வரிசைக்காரருக்குப் பின்சுவரின் மேற்பகுதி தெரியாது. அங்கே நடிகரை உயரத்தில் நிறுத்தினால் தலையில்லாமல்தான் தெரிவார்.

இந்த ஓரத்து இருக்கை சிக்கல் மிகப் பழையது. 1545இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோ, தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரியும் தொலைவுத் தோற்றத்தில் வரைந்த மேடைக் காட்சிகளைப் பதிப்பித்தார். அவற்றைப் பின்பற்றிய அரசவை மேடைகளில், ஓவியத் தெருக்கள் மிகச் சரியாகத் தெரிந்தது ஆட்சியாளரின் இருக்கையிலிருந்துதான். பக்கவாட்டில் நகர நகரத் தோற்றம் கோணலானது. இத்தாலியின் விசென்சா நகரில் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்து 1585இல் திறக்கப்பட்ட ஒலிம்பிகோ அரங்கில் வேறொரு விடை கிடைத்தது. ஸ்கமோட்ஸி என்பவர் மேடைக்குப் பின்னால் ஏழு தெருக்களை மரத்தில் கட்டினார். எந்தப் பகுதியில் அமர்ந்தாலும் ஏதேனும் ஒரு தெருவாவது உள்ளோடித் தெரியும். அந்தத் தெருக்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஓரத்தில் இருப்பவரையும் கணக்கில் எடுத்த அந்த மனம்தான் எனக்கு முன்மாதிரி.

படி 3: தரைப்படமும் அட்டை மாதிரியும்

தரைப்படத்தை 1:50 அல்லது 1:25 அளவில் வரையலாம். மாதிரி செய்ய 1:25 வசதி. 1.75 மீட்டர் உயரமுள்ள நடிகர் அதில் 7 சென்டிமீட்டர் பொம்மையாவார். அந்தப் பொம்மையை முதலில் வெட்டி நிறுத்துங்கள். மனித உருவம் இல்லாத மாதிரி எப்போதும் பொய் சொல்லும். கதவு அழகாக இருக்கும், ஆனால் அதில் யாராலும் நுழைய முடியாது.

முதல் மாதிரி வெள்ளை அட்டையிலேயே இருக்கட்டும். நிறம் வந்துவிட்டால் கண் அதில் மயங்கி, இடங்களைப் பார்க்கத் தவறும். சுவர்களை நகர்த்திப் பாருங்கள். கைபேசியின் கேமராவை ஓரத்து இருக்கை இருக்கும் இடத்தில், பொம்மைகளின் கண்மட்டத்தில் வைத்துப் படமெடுங்கள். தரைப்படத்தில் தெரியாத குறைகள் அந்தப் படத்தில் தெரியும்.

அனுபவத்தில் உறுதிப்பட்ட சில வழக்கங்கள் உண்டு. பக்கச் சுவர்களைப் பார்வையாளரை நோக்கி வெளிப்புறமாக விரித்து நிறுத்துங்கள். ஓரத்தில் இருப்பவர்களுக்கு வழி திறக்கும். மேசையைப் பார்வையாளருக்கு நேராகப் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். எதிரெதிரே உட்காரும் இருவரின் முகமும் தெரியும். பக்கச் சுவரில் வரும் கதவு மேடைக்கு வெளியே திறக்கட்டும், கீல் மேல்மேடைப் பக்கம் இருக்கட்டும். அப்போது நுழைபவரைக் கதவு மறைக்காது. திறந்த பலகையே பின்னால் நிற்கும் ஆட்களை மறைத்துவிடும்.

நம் காட்சியில் கதவை எங்கே வைப்பது? பின்சுவரின் நடுவில் வைத்தால் மகன் எல்லோருக்கும் தெரியும்படி வருவான், ஆனால் வரவேற்கும் தாய் அரங்குக்கு முதுகைக் காட்டுவாள். பக்கச் சுவரில், மேல்மேடைப் பக்கமாக வைத்தால் இருவரும் பக்கவாட்டில் தெரிவார்கள். நான் இரண்டாவதைத் தேர்வேன். மேசை எதிர்ப்புறக் கீழ்மேடையில். கதவிலிருந்து கடிதம் வரை மேடை முழுவதும் ஒரு மூலைவிட்டம். மேடையில் கிடைக்கும் மிக நீளமான பாதை அதுதான்.

தள உயரங்களைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். முப்பரிமாண உடலோடு நிற்கும் நடிகரைத் தட்டையான ஓவியத் திரையின் முன் நிறுத்துவது பொருந்தாது என்று சுவிட்சர்லாந்தின் மேடை வடிவமைப்பாளர் அடோல்ஃப் ஆப்பியா (1862–1928) வாதிட்டார். படிக்கட்டும் மேடைத்தளங்களும் ஒளியும் போதும் என்றார். அவர் சொன்னதை ஒரு முறை சோதித்துப் பாருங்கள்: இரண்டே படி உயரத்தில் ஒருவரை நிறுத்தினால், மேடையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது வசனமின்றியே புரிந்துவிடும்.

படி 4: கட்டுவதும் வண்ணம் பூசுவதும்

மேடைச் சுவர் என்பது மரச்சட்டத்தில் துணியோ மெல்லிய ப்ளைவுட்டோ பொருத்திய பலகம். துணிப் பலகம் இலேசானது, ஆனால் கதவை அடைத்தால் நடுங்கும். கதவுள்ள சுவரை ப்ளைவுட்டில் செய்யுங்கள். ப்ளைவுட் பொதுவாக 4 அடிக்கு 8 அடி அளவில் வருவதால், அதையே அடிப்படை அளவாக வைத்தால் வீணாவது குறையும். ஆணி அடிக்காமல் திருகாணி பயன்படுத்துங்கள். பிரிக்கவும் திரும்பச் சேர்க்கவும் அதுதான் உதவும். ஒவ்வொரு பலகத்துக்கும் பின்னால் சாய்வுக்கால் கொடுத்து, காலின் மேல் எடை வைக்க வேண்டும். தானாக நிற்கிறது என்று நம்பி எந்தச் சுவரையும் விடாதீர்கள்.

படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டர் இருந்தால் வசதி. அதைவிட முக்கியம், எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது. இருட்டில் இறங்கும் கால், கடந்த படியின் உயரத்தை நம்பித்தான் அடுத்த படியில் இறங்குகிறது.

வண்ணத்தில் பளபளப்பு வேண்டாம். விளக்கு பட்டால் கண்ணைக் கூசும். ஒரே நிறத்தைச் சமமாகப் பூசினால் மேடை ஒளியில் சுவர் செத்துப்போய்த் தெரியும். அடிப்பூச்சுக்கு மேல் அதே நிறத்தின் வெளிறிய சாயலையும் கருமையான சாயலையும் ஸ்பாஞ்சால் ஒற்றியோ தூரிகையால் தெளித்தோ சேர்த்தால் உயிர் வரும். பத்து மீட்டர் விலகி நின்று பாருங்கள். அருகில் நின்று நுணுக்கமாகத் தீட்டியது அங்கிருந்து தெரியவில்லை என்றால், அந்த உழைப்பை வேறு எதற்காவது செலவிடுங்கள். துணிக்கும் மரத்துக்கும் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம்.

கைப்பொருள்களுக்குப் பக்கத்திரையின் பின்னால் ஒரு மேசை போடுங்கள். மேலே தாள் விரித்து, ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் வரைந்து பெயரெழுதுங்கள். கடிதம் தன் கட்டத்தில் இல்லை என்றால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

படி 5: ஒளி

மேடைக் கலைகளில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது இது. ஒளி நடிகரைத் தெரியச் செய்கிறது; எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப்போகிறது; உடலுக்குத் திரட்சி தருகிறது; பொழுதையும் மனநிலையையும் சொல்கிறது. இந்த நான்கில் முதலாவதைக் கைவிட்டுவிட்டு மற்றவற்றை அடைய முடியாது. முகம் தெரியாத நடிகரின் குரலைக்கூடப் பார்வையாளர்கள் சரியாகக் கேட்பதில்லை.

விளக்கு வகைகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் தொடங்கலாம். ப்ரொஃபைல் விளக்கின் ஒளி கூர்மையான விளிம்புடையது. உள்ளிருக்கும் தகடுகளால் வெட்டி வடிவமைக்கலாம், சன்னல் கம்பிகளின் நிழல் போன்ற உருவங்களையும் விழச் செய்யலாம். ஃப்ரெனல் விளக்கின் விளிம்பு மென்மையானது. ஒன்றின் ஒளி அடுத்ததோடு கரைந்து கலக்கும். பார் (PAR) விளக்கு வலுவான கற்றை தரும், பின்னொளிக்கும் வண்ணத்துக்கும் ஏற்றது. ஃப்ளட் விளக்கு பின்திரையை நனைப்பதற்கு.

எந்தக் கோணத்தில் வைப்பது? யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வெளியிட்ட முறை இன்றும் நல்ல தொடக்கம். மேடையை இரண்டரை, மூன்று மீட்டர் அகலமுள்ள சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாலிருந்து இரண்டு விளக்குகள்: ஒன்று இடப்பக்கம் 45 பாகையில், மற்றது வலப்பக்கம் 45 பாகையில், இரண்டும் மேலிருந்து 45 பாகைச் சாய்வில். ஒன்றில் வெதுவெதுப்பான நிறம், மற்றதில் குளிர்ந்த நிறம். முகத்தின் ஒரு பக்கம் சற்றே பொன்னாகவும் மறுபக்கம் சற்றே நீலமாகவும் தெரியும்போது மூக்கும் கன்னமும் உருவம் பெறுகின்றன. நேர் முன்னாலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் முகம் தட்டாகிவிடும். நேர் மேலிருந்து மட்டும் விழுந்தால் கண்குழிகள் கறுத்துவிடும். பின்னாலிருந்து ஒரு விளக்கைச் சேர்த்தால் தோளின் விளிம்பில் ஒளிக்கோடு பிடித்து, நடிகர் சுவரிலிருந்து பிரிந்து முன்னே வருவார். விளக்கு குறைவாக இருந்தாலும் இந்தப் பின்னொளிக்கு ஒன்றை எப்படியாவது மிச்சம் பிடியுங்கள்.

பகுதிகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சோதிக்க ஒருவரை மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நடக்கச் சொல்லி, அவர் முகத்தையே பாருங்கள். எங்கே மங்குகிறதோ அங்கே ஓட்டை. விளக்கைத் திருப்பும்போது ஒளி விழும் தரையைப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நடிகர் நிற்கும் இடத்தில் நீங்களே நின்று, ஒளியின் நடுப்பகுதி உங்கள் முகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 4 மீட்டரில் கண்ணைப் பறிக்கும் விளக்கு 8 மீட்டரில் சோர்ந்துபோவது அதனால்தான்.

விளக்கின் முன் பொருத்தும் நிறத் தாள்களை உடைகளோடு சேர்த்துச் சோதியுங்கள். சிவப்புப் புடவை பச்சை ஒளியில் கிட்டத்தட்டக் கறுத்துவிடும். எல்இடி விளக்குகள் எந்த நிறமும் தரும். ஆனால் மலிவான சிலவற்றில் தோலின் நிறம் நோயாளியுடையது போலாகும், மிகக் குறைந்த அளவில் மங்கும்போது ஒளி சீராகக் குறையாமல் விட்டுவிட்டுத் துள்ளும். வாங்கும் முன் ஒரு முகத்தின் மேல் போட்டுப் பாருங்கள்.

நம் காட்சிக்கு வருவோம். அறையில் ஒளி எங்கிருந்து வர நியாயம் இருக்கிறது? மேசை விளக்கு ஒன்று. கதவு திறந்தால் வெளியிலிருந்து குளிர்ந்த நீலம். மேசையருகே பொன்னிறம், கதவருகே நீலம். மகன் நீலத்திலிருந்து பொன்னுக்குள் நடந்து வருகிறான். கடிதத்தை நோக்கி அவன் எட்டெடுத்து வைக்க, கதவுப் பக்க ஒளி நாற்பது நொடியில் யாரும் உணராதபடி மெல்லக் குறைகிறது. இறுதியில் மேசை மட்டும் எஞ்சும். மாற்றத்தைப் பார்வையாளர் கவனிக்கக் கூடாது. அதன் விளைவை மட்டும் உணர வேண்டும்.

மின்சாரக் கணக்கு எளியது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் இணைப்பு 3,680 வாட் தாங்கும். 80 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்ல வழக்கம். அது 2,944 வாட். ஆயிரம் வாட் விளக்குகள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின் இணைப்புகளைத் தகுதியுள்ள மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். விளக்குகளைக் கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைக்கும் டிஎம்எக்ஸ் 512 முறை 1986இல் உருவானது. ஒரு கம்பித் தொடரில் 512 வழிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை அளவு. தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியும் வேண்டும்.

படி 6: ஒலி

ஓசை எங்கிருந்து வர வேண்டுமோ அங்கே ஸ்பீக்கரை வையுங்கள். மழை சன்னலுக்கு வெளியே பெய்கிறது. சன்னலின் பின்னால் ஒரு சிறிய ஸ்பீக்கர் போதும். அரங்கின் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வந்தால் மழை பார்வையாளர்களின் தலைமேல் பெய்யும். கதவைத் தட்டும் ஓசையைப் பதிவு செய்யாதீர்கள், நடிகரே தட்டட்டும்.

மைக் எப்போதும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊளையிடும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு வசனம் பத்தில் ஒரு நொடி தாமதமாக எட்டும். நடுவில் துணை ஸ்பீக்கர் வைத்தால், மேடையின் ஒலி அந்த ஸ்பீக்கர் வரை வந்து சேர எடுக்கும் நேரத்தின் அளவு தாமதத்தை அதற்கும் கொடுக்க வேண்டும். ஆட்கள் நிறைந்த அரங்கு ஒலியை உறிஞ்சும். காலியரங்கில் பொருத்தமாக இருந்த மழை, நிறைந்த அரங்கில் தூறலாகிவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு முடிவெடுங்கள்.

படி 7: மேடை நிர்வாகியின் பிரதி

இயக்குநரின் வேலை நிகழ்ச்சி நாளில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாடகம் மேடை நிர்வாகியின் கையில். ஒவ்வொரு மாற்றமும் எந்தச் சொல்லில், எந்த அசைவில் நடக்க வேண்டும் என்று அவருடைய பிரதியில் கோடிட்டு எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயர் க்யூ.

நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. “ஒளி பன்னிரண்டு”, “ஒலி பன்னிரண்டு” இரண்டும் ஹெட்செட்டில் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே “விளக்கு”, “சத்தம்” என்றே அழையுங்கள். விளக்குக்கு எண், சத்தத்துக்கு எழுத்து:

சத்தம் அ: மழை. அரங்கு இருண்டு மூன்று நொடி கழித்து.
விளக்கு 1: மேசை விளக்கின் பொன்னொளி, எட்டு நொடியில் எழும்.
விளக்கு 2: தாய் தாழ்ப்பாளைத் தொட்டதும் வாசலில் நீலம்.
சத்தம் ஆ: கதவு திறக்கும் அதே கணத்தில் மழை பெருகும், மூடியதும் தணியும்.
விளக்கு 3: மகனின் முதல் எட்டில் தொடங்கி நாற்பது நொடி.

அழைக்கும் முறை மாறாதது. சற்று முன்பாக “விளக்கு 2 தயார்” என்பார் நிர்வாகி. இயக்குபவர் “தயார்” என்று பதில் சொல்வார். உரிய கணத்தில் “விளக்கு 2, போ”. அந்தப் “போ” என்ற சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தக் கூடாது.

படி 8: தொழில்நுட்ப ஒத்திகை

முதலில் நடிகர்கள் இல்லாமல் ஒரு நாள், க்யூக்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அடுத்து நடிகர்களோடு, ஒரு க்யூவிலிருந்து அடுத்ததற்குத் தாண்டித் தாண்டிப் போகும் ஒத்திகை. இது மெதுவாகவே நகரும். நடிகர்கள் நின்றுகொண்டே காத்திருப்பார்கள். அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: இன்று உங்கள் நடிப்பைப் பார்க்கவில்லை, மேடைதான் ஒத்திகை பார்க்கிறது. தவறிய க்யூவை அப்படியே விட்டு நகராதீர்கள். இரண்டு முறை சரியாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு முழு உடையில், நிற்காமல் ஓர் ஓட்டம். அன்று கட்டுப்பாட்டு மேசையை விட்டெழுந்து மீண்டும் ஓரத்து இருக்கைக்குப் போங்கள்.

இருட்டில் மேசையும் நாற்காலியும் வர வேண்டிய இடங்களைத் தரையில் நிறநாடாவால் குறியுங்கள். படி விளிம்புகளுக்கு இருளில் ஒளிரும் நாடா.

எந்த நாளிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா அரங்கில் பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வில்விளக்கின் பொறி திரைத்துணியில் பற்றியது. தீ அரங்குக்குள் பரவாமல் தடுக்க மேடையின் முன் இறக்கும் தீத்திரை பாதியில் சிக்கி இறங்கவில்லை. வெளியேறும் கதவுகள் சில திரைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன, சில பூட்டியிருந்தன. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். அந்த அரங்கு திறந்து ஆறு வாரம்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

அழகுக்காக எந்த வெளிவாசலையும் மறைக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு வெளிவாசலையும் உங்கள் கையால் திறந்து பாருங்கள். திரைத்துணி விளக்கைத் தொடக் கூடாது. ஏணியில் ஒருவர் ஏறினால் கீழே இன்னொருவர் பிடிக்க வேண்டும். மேலே வேலை நடக்கும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. ஏறுபவரின் கருவிகள் இடுப்பில் கட்டப்பட்டிருக்க வேண்டும். மனிதர்களை அந்தரத்தில் தூக்கும் வேலையை அதற்கெனப் பயின்றவர்கள் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். களைத்த குழு தவறு செய்யும். நள்ளிரவைத் தாண்டி விளக்குக் கட்டுவதைவிட, ஐந்து விளக்கு குறைவாக வைத்து மேடையேற்றுவது மேல்.

கடைசி நாள் முடிந்ததும் பிரிக்கும் வேலை. முதலில் கைப்பொருள்கள், பிறகு விளக்குகள், கடைசியில் சுவர்கள். விளக்குகள் குளிர அரை மணி நேரம் விடுங்கள். தரையின் நாடாக்களை உரித்தெடுங்கள், ஒரு காந்தத்தை இழுத்துப்போய் விழுந்த திருகாணிகளைப் பொறுக்குங்கள். அடுத்து வரும் குழு வெறுங்காலோடு ஆடலாம். அரங்கைப் பூட்டும் முன் மேடை நடுவில் ஒரு கம்பத்தில் சிறு விளக்கை எரியவிடுங்கள். காலையில் முதலில் வருபவர் சுவிட்சைத் தேடி இருட்டில் மேடை விளிம்பைத் தாண்டிவிடாமல் இருக்க அது உதவும்.